மின்னணு ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். இந்த ஆண்டு நம் பணத்தையும் நேரத்தையும் அதிகம் எடுத்துக்கொண்டது கருவி அறைக்குப் பழைய சாமான் வாங்கிய வேலைதான். அதை விரிவாகவே சொல்கிறேன்.

மின் அலையைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் ஒன்று வேண்டும், புதிது வாங்க நிதி இல்லை என்று போன பொதுக்குழுவில் பேசினோம். முதலில் சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தோம். உதிரிபாகம் என்றால் அந்தத் தெருதான். ஆனால் நாம் தேடிய பழைய கருவி அங்கே அமையவில்லை. கடைசியில் ஒரு காயலான் கடையில் கிடைத்தது. ஏதோ கல்லூரி ஆய்வகம் கழித்த சாமான்களைக் கடைக்காரர் மொத்தமாக எடைக்கு எடுத்திருந்தார். 20 மெகாஹெர்ட்ஸ், இரண்டு சேனல், பழைய குழாய்த் திரை. 4,000 சொன்னார்.

பேரத்துக்கு முன்னால் அங்கேயே பிளக்கில் செருகி அரை மணி நேரம் ஓடவிட்டோம். கோடு மெல்லியதாக நின்றது, திரையில் எரிந்த புள்ளி இல்லை. முகப்பில் கருவியைச் சோதிக்கவென்றே இருக்கும் கேலிப்ரேஷன் முனையில் புரோபை, அதாவது அளக்கும் வயரின் நுனியை, வைத்தால் சதுர அலை வரவேண்டும். முதல் சேனலில் பளிச்சென்று வந்தது. இரண்டாவதில் வோல்ட் குமிழைத் திருப்பும்போதெல்லாம் கோடு எகிறிக் குதித்தது. உள்ளே சுவிட்சில் அழுக்கு என்று நம் மூத்த உறுப்பினர் அங்கேயே சொல்லிவிட்டார். அந்தக் குறையைக் காட்டி, காலைப் போணியும் சேர்ந்துகொள்ள, 2,500க்கு முடித்தோம். அறைக்குக் கொண்டுவந்து கான்டாக்ட் கிளீனர் அடித்துத் திருப்பியதும் சரியாகிவிட்டது. இதன் சர்க்யூட் படமும் நம்மிடம் இருக்கிறது. நாளை பழுதானாலும் திறந்து பார்க்கலாம். படம் கிடைக்காத கருவியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வோல்ட், கரண்ட் எல்லாம் அளக்கும் மல்டிமீட்டர் விஷயத்தில் இன்னும் கறாராக இருந்தோம். மூடியைக் கழற்றி, பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கிறதா, ஃபியூஸ் சரியானதா என்று பார்த்தே எடுத்தோம். ஒன்றில் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி இழை சுற்றியிருந்தது. கரண்ட் அளக்கும் நிலையில் மறந்துபோய் 230 வோல்ட்டில் வைத்தால் அது கையிலேயே வெடிக்கும். அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

மாணவர்கள் பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி, நிறைய கொண்டுவருகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அதில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் சுமார் 325 வோல்ட் ஏறியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து, ரெசிஸ்டர் வைத்து அந்த மின்சாரத்தை இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும் என்று செயற்குழு விதி போட்டிருக்கிறது. தயவுசெய்து இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம், பற்றவைக்கும் ஈயக் கம்பி, அது நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ், எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் எல்லாம் புதிதாகவே வாங்குகிறோம். பழைய லேப்டாப் பேட்டரி செல்களை அறையில் ஏற்பதில்லை.

வரும் ஆண்டுக்கு, பழுது பார்க்கும் கருவியை மெயின் லைனோடு நேரடித் தொடர்பில்லாமல் பிரித்துவைக்கும் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும், காயில், கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் ஆகியவற்றின் மதிப்பை அளக்கும் ஓர் எல்சிஆர் மீட்டரும் தேவை. முதலாவது பாதுகாப்புக்கு என்பதால் அதை முதலில் வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்