எல்லையோரத்துக் கட்டு வைத்தியர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய பெரியவர்களுக்கு வணக்கம்.

நகரிப் பக்கம் ஒருவருக்குக் கை முறிந்தால் முதலில் எங்கே ஓடுவார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்கள் திண்ணைக்குத்தான். 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. ஆனால் ‘கட்டு’ என்ற சொல்லை யாராலும் பிரிக்க முடியவில்லை. தமிழிலும் கட்டு, தெலுங்கிலும் கட்டு. தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ‘புத்தூர்க் கட்டு’ போர்டு கண்ணில் படுகிறது. அதை மாட்டியவர்களில் எத்தனை பேர் புத்தூரைப் பார்த்திருப்பார்கள் என்பது வேறு கதை.

நான் நெசவாளர் வீட்டுப் பெண், பிசியோதெரபிஸ்ட். உங்கள் தொழிலைப் பழிக்க இதை எழுதவில்லை. எங்கள் பாட்டி குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்து, கை அகப்பைக் காம்பு போல வளைந்துவிட்டது. உங்களில் ஒருவர் போட்ட கட்டில்தான் அது கூடியது. கொஞ்சம் கோணல் இருந்தது, ஆனாலும் கடைசி வரை அந்தக் கையால்தான் முறுக்கு பிழிந்தாள். இந்த முறிவை 1814இல் விவரித்து எழுதியவர் டப்ளின் நகரத்து ஆபிரகாம் காலிஸ். எக்ஸ்ரே வந்ததோ 1895இல். அவரும் உங்களைப் போலக் கண்ணையும் விரலையும் நம்பித்தான் எழுதினார். அதனால் தொட்டு அறிவதை நான் இளப்பமாக நினைக்க மாட்டேன். கைக்குழந்தையை ஒரு கையைப் பிடித்துத் தூக்கி, முழங்கை நழுவிவிட்டது என்று அழுதுகொண்டு வருவார்களே, அதை ஒரே திருப்பில் ‘டக்’கென்று உட்கார வைப்பதை நேரில் பார்த்து வியந்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது பிள்ளைகளின் முழங்கை முறிவு.

என் தம்பிக்கு அப்போது ஏழு வயது. கோடை லீவில் பெங்களூரா மாமரத்திலிருந்து விழுந்தான். ஒரு மணி நேரத்தில் முழங்கை புஸ்ஸென்று வீங்கியது. எண்ணெய் போட்டு நீவி, பச்சிலையும் முட்டை வெள்ளையும் தடவி, மூங்கில் பத்தை வைத்து, துணியால் விரல் நுனி வரை இறுக்கிக் கட்டினார்கள். ராத்திரி முழுக்கக் கத்தினான். அப்பா போய்க் கேட்டதற்கு, “கட்டு பிடிக்குது, அப்படித்தான் இருக்கும்” என்று பதில் வந்தது. இரண்டாம் ராத்திரி கத்தல் அடங்கியது. வலி குறைந்துவிட்டது என்று நாங்களும் தூங்கினோம். மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது விரல்கள் நீலம் பாரித்து, தொட்டால் உணர்வில்லாமல் இருந்தன.

உள்ளே என்ன நடந்தது என்று படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. (தம்பிக்காகத்தான் இந்தப் படிப்பை எடுத்தேன் என்றால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் அந்த வருஷம் வேறு இடம் கிடைக்கவில்லை.) மேற்கை எலும்பு முழங்கைக்கு மேலே தட்டையாகி மெலிந்திருக்கும். சின்னப் பிள்ளைகள் கையை ஊன்றி விழுந்து முழங்கைப் பக்கம் முறிந்தால் பெரும்பாலும் அங்கேதான் முறியும். அதற்கு நேர் முன்னால் கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயும், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இயக்கும் நரம்பும் போகின்றன. முறிந்த முனை அவற்றைக் குத்தலாம், நசுக்கலாம். முன்கைத் தசைகளைச் சுற்றி விரிந்துகொடுக்காத ஓர் உறை இருக்கிறது. உள்ளே வீங்க வீங்க அழுத்தம் ஏறும், வெளியே கட்டும் இறுக்கினால் தசைக்கு ரத்தம் போகாது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் தாண்டினால் தசை சாகத் தொடங்கும். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில்தான் இருக்கின்றன. அங்கே தசை செத்தால் இங்கே விரல் சுருங்கிக் கொக்கியாகும். இறுக்கிய கட்டால் இப்படி ஆகிறது என்று ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மன் 1881லேயே எழுதிவிட்டார். ஆஸ்பத்திரி மாவுக்கட்டு இறுகினாலும் இதே கதிதான், அவர்களுக்கும் இதையே சொல்வேன்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். முழங்கை வீங்கிய பிள்ளை வந்தால் நீவாதீர்கள், இழுக்காதீர்கள், சுற்றிக் கட்டாதீர்கள். முழங்கையை நீவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு இறுகிப்போவதும் உண்டு. கையை அதிகம் மடக்காமல், இருக்கிற வாக்கில் ஓர் அட்டையில் தாங்கலாக வைத்து, எக்ஸ்ரே இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அப்போதே அனுப்புங்கள். அனுப்பும் முன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்க்கச் சொல்லுங்கள், விரல்களை விசிறி போல விரிக்கச் சொல்லுங்கள், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். கைக்குப் போகும் மூன்று நரம்புகளுக்கும் அதுவே சோதனை.

மற்றக் கட்டுகளிலும் விரல்களை மூடாதீர்கள். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். அதைவிட முக்கியம், விரலை மெல்ல நிமிர்த்தும்போது பிள்ளை வீறிட்டால், மணி எத்தனையானாலும் கட்டை முழுவதும் அறுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். நாடி ஓடுகிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள். நாடி நிற்பது கடைசியில்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பைக்கிலிருந்து விழுந்த பையன்கள் மணிக்கட்டுச் சுளுக்கு என்று வருவார்கள். கட்டைவிரலை விறைப்பாக நீட்டினால் அதன் அடியில், மூக்குப்பொடி வைக்கிற அளவுக்கு ஒரு குழி தெரியும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா என்று பாருங்கள். வலித்தால் அது சுளுக்காக இல்லாமல் படகு வடிவச் சிறு எலும்பின் முறிவாகவும் இருக்கலாம். அந்த எலும்புக்கு விரல் பக்கத்திலிருந்துதான் ரத்தம் வருகிறது. முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டு பட்டினியாகலாம், கூடாமலே நின்றுவிடலாம். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். பத்து, பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

என் தம்பிக்கு இப்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. மணிக்கட்டைத் தாழ்த்தினால் விரல்கள் நிமிரும், தூக்கினால் சுருண்டுகொள்ளும். தறியில் அறுந்த இழையை முடிய அவனால் ஆகாது. அப்பா தறியை விற்றுவிட்டார். கட்டியவரைப் பற்றி இன்று வரை வீட்டில் யாரும் கெட்ட வார்த்தை சொன்னதில்லை. அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மாங்காய் சீசன் வரப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. நீங்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் நான் வருகிறேன், தம்பியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவன் கையை நீங்களே தொட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பெண்