தோள் ஆபரேஷன்: முன்னாடியே சொல்லிவிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாங்காய் சீசன் முடிந்தால் போதும், எங்கள் காவேரிப்பட்டணம் பக்கம் தோள்வலிக்காரர்கள் பெருகிவிடுவார்கள். வலை கட்டிய கோலைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கிப் பறிக்கிற வேலை அப்படி. மரத்திலிருந்து விழுகிறவர்களும் உண்டு. சுளுக்கு என்று வழித்துக்கொள்வார்கள், வலி மாத்திரை போடுவார்கள், அதிலேயே வருஷம் ஓடிவிடும்.

என் மச்சானும் தோளில் தசைநாண், அதாவது தசையை எலும்போடு பிணைக்கிற கயிறு, அறுந்தது தெரியாமலே இரண்டு சீசன் வேலை பார்த்தார். அப்புறம்தான் ஆபரேஷன். தையல் நன்றாகவே ஒட்டியிருப்பதாக மறுபடி எடுத்த எம்.ஆர்.ஐ. சொல்கிறது. ஆனாலும் பரண்மேல் இருக்கும் குண்டானை இறக்க இன்றும் இடது கைதான். சட்டையைக் கழற்றினால் வலது தோள்பட்டை எலும்பை ஒட்டிக் குழி விழுந்திருப்பது தெரியும். ரிப்போர்ட்டில் 'குட்டாலியர் நிலை 3' என்று ஒரு வரி. அது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

தோள் தசையில் எவ்வளவு கொழுப்பு ஏறியிருக்கிறது என்று சொல்ல 1994-இல் பிரான்ஸ் மருத்துவர்கள் வகுத்த அளவு அது, 0 முதல் 4 வரை. 3 என்றால் தசை பாதி, கொழுப்பு பாதி. நாண் அறுந்துபோனால் தசை எதைப் பிடித்து இழுக்கும்? சுருங்கி மெலிந்துபோகிறது, நார்களுக்கு நடுவே கொழுப்பு ஏறுகிறது. நாணைத் தைத்தபின் பயிற்சி செய்தால் மெலிவு ஓரளவு தேறலாம், ஏறிய கொழுப்பு பெரும்பாலும் இறங்குவதில்லை, அதற்கு மேல் ஏறாமல் நின்றாலே பெரிது. கொழுப்பு அதிகமுள்ள தோளில் தையல் விட்டுப்போகும் வாய்ப்பும் அதிகம். இதை ஆபரேஷனுக்கு முன்பே பட்டென்று சொல்லியிருந்தால், பழைய கை வந்துவிடும் என்ற நம்பிக்கையில் மனுஷன் தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்க மாட்டார்.

எல்லாத் தோள்வலிக்கும் கத்தி வேண்டாம், வயதில் வரும் தேய்மானக் கிழிசலுக்குப் பலருக்குப் பயிற்சியே போதும் என்பதும் உண்மைதான். ஆனால் விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

தைத்த பிறகும் நாலு முதல் ஆறு வாரம் கையைக் கட்டிப்போட்டு, அப்புறம் மாதக்கணக்கில் பயிற்சி. கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போகிறவர் எத்தனை நாள் போவார்? மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது, வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் அதில் உண்டு. தோள் ஆபரேஷன் ஆனவர்களை ஆறு மாதமாவது அந்தப் பட்டியலில் வைக்க வேண்டும். மாங்காய் பறிப்பு முடிந்த கையோடு ஆரம்ப சுகாதார நிலையங்களில் தோளுக்கென்று ஒரு முகாமும் போடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்