திருப்பணி முடிந்தது: கணக்கும் கொஞ்சம் விளக்கமும்

தலைக்கட்டுதாரர் அனைவருக்கும் வணக்கம். குடமுழுக்கு நல்லபடியாக முடிந்தது, வரவு செலவு மடப்பள்ளிச் சுவரில் ஒட்டியிருக்கிறது. வர்ணம், விளக்கு, தரைக்கல் எதிலும் சண்டை இல்லை.

சண்டையெல்லாம் கோயிலின் வடக்குச் சுவரில்தான். "மொத்தமா ஒரு ஆளுகிட்ட விட்டிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்று டீக்கடையில் பேசுகிறீர்கள். முதலில் மொத்தமாகத்தான் விட்டோம். வந்த காண்ட்ராக்டர் முன்பணத்தை வாங்கிக்கொண்டு உப்புப் பூத்த சுவர் மேலேயே சிமெண்டைப் பூசினார், ஐப்பசி மழை முடியுமுன் காரை பாளம் பாளமாக விழுந்தது. கேட்டால் "கடக்கரைன்னா அப்படித்தான்" என்றார். மூன்று தடவை பஞ்சாயத்துப் பேசி பாதிப் பணம்தான் திரும்பியது. மீதி போனது எங்கள் தப்புதான், சரி.

அதற்கப்புறம் ஊர்க் கொத்தனார் தாத்தா ஒருவர்தான் வழி சொன்னார்: சுவர் ஏன் உதிருதுன்னு கேக்காதீங்கப்பா, எந்தத் தண்ணி எங்க இருந்து வருதுன்னு தனித்தனியாப் பாருங்க. மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் காரையைக் கொத்திவிட்டு அடுத்த மழைக்காலம் முழுக்கச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம் (எங்களைச் சோம்பேறிகள் என்றது அப்போதுதான்). மழையில் மேல்பகுதி மட்டும் ஊறியது, மேல்தளத்தில் பதித்த தட்டோட்டில் விரிசல். தை மாச வெயிலிலும் இடுப்பளவுக்குக் கீழே வெள்ளையாகப் பூத்துக்கொண்டே இருந்தது, அது நிலத்து உவர்நீர் செங்கல் வழியே ஏறுவது. காண்ட்ராக்டர் விட்டுப்போன மணலை நல்ல தண்ணீரில் ஊறவைத்து நாக்கில் வைத்தால் கரித்தது!

அதனால்தான் வேலையையும் துண்டு துண்டாக விட்டோம், ஒரு துண்டு முடிந்து பார்த்த பிறகே கூலி. முதலில் தட்டோடு. பிறகு சிமெண்டைச் சுரண்டிவிட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புப் பூச்சு, மணலுக்குப் பதில் எம்சாண்ட் (கருங்கல்லை உடைத்த மணல்). சிமெண்ட் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும், சுண்ணாம்பு வெளியே விடும். கீழ்ப்பூச்சு சில வருசத்தில் மறுபடி உதிரும், அந்த அளவுக்கு மட்டும் பூசிக்கொள்ளலாம், மேலே கை வைக்கவேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு வீடுகளில் கோயில் வரி கேட்கவில்லை, ஆள் கேட்டோம், வந்தார்கள். தட்டோடு கொடுத்தது சிங்கப்பூர்ப் பிள்ளைகள், சுண்ணாம்பு கிழக்குத் தெரு, கருப்பட்டி சாயல்குடிச் சம்பந்தி வீடு, கடுக்காய் நாட்டு மருந்துக்கடை அண்ணாச்சி, சாப்பாடு மகளிர் குழு அக்காமார். பேர் விட்டுப்போயிருந்தால் கல்வெட்டு வெட்டுமுன் சொல்லிவிடுங்கள், பிறகு சண்டைக்கு வராதீர்கள்.

தொட்டியில் நீற்றிய சுண்ணாம்பு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தண்ணீர் வற்றாமல் பூசாரி பார்த்துக்கொள்கிறார், அது கீழ்ப்பூச்சுக்கு வேண்டும். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க யாரும் அள்ளிப்போக வேண்டாம்.