வெள்ளைக்கண்ணன் வந்திருக்கான்

மக்கா,

பொங்கல் வாழ்த்துக்குக்கூட பதில் போடாதவன் இப்ப பக்கம் பக்கமா எழுதுறானேன்னு ஏசுவ. ஏசிக்கோ. வீட்ல எல்லாரும் சுகம். அண்ணாச்சி முட்டுவலியோட இன்னும் சைக்கிள்தான். இனி விஷயம்.

நம்ம பக்கத்துக் குளத்தில ஃபெரூஜினஸ் வாத்து, அதான் வெள்ளைக்கண்ணன், நிக்குது லே. ஆண். ஒத்தைக்கு ஒண்ணு, நீலச்சிறகி வாத்துக் கூட்டத்தை ஒட்டி, தாமரை இலை முடியற ஓரமா. வேண்டாம், முன்ன மிதந்த பிளாஸ்டிக் குடத்தை நான் வாத்துன்னு சொன்ன கதையை இழுக்காதே. வடக்கேதான் இது குளிர்காலத்தைக் கழிக்கும், தெக்கே வர வர அருகிப்போகும். இந்தக் குமரி முனையில நிக்குதுன்னு வேற யாராவது சொல்லியிருந்தா நானே நம்பியிருக்க மாட்டேன். அதனால ஒவ்வொண்ணா சொல்றேன், குறுக்குவிசாரணை பண்ணிக்கோ.

தூரத்தில பார்த்தா சீழ்க்கைச்சிறகி வாத்து மாதிரி வெறும் பழுப்பு. அளவு நீலச்சிறகிதான், 40 செ.மீ. பக்கம். சாயங்கால வெயில்ல எல்லா வாத்தும் செம்பழுப்பாத்தான் தெரியும், அந்த நேரத்து நிறத்தை நம்பாதே. காலையில கிழக்குக் கரையில நில்லு, வெயில் முதுகுல விழணும். அப்பத்தான் தலையும் நெஞ்சும் பாலிஷ் போட்ட ஈட்டி மரம் மாதிரி மினுங்கும். முதுகு கருத்திருக்கும், வாலடி சுத்த வெள்ளை.

அந்த வாலடி வெள்ளையிலதான் பாதிப்பேர் ஏமாறுறாங்க. குடுமி வாத்துப் பெட்டை சிலதுக்கும் அங்க வெள்ளை உண்டு. ஆனா அதுக்குக் கண் மஞ்சள், பிடரியில லேசா ஒரு துருத்தல், அலகு நுனியில கறுப்பு அகலமா பரவியிருக்கும். நம்மாளுக்கு அலகு நீளம், சாம்பல் நிறம். கறுப்பு, அலகு நுனியில இருக்கிற சின்ன நகத்தோட நின்னுபோகும். உச்சி கூம்பி, நெற்றி சரிஞ்சு அலகோட சேரும். முங்கி எழும்பின உடனே தலையைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதே, நனைஞ்ச இறகு படிஞ்சு உச்சியே இல்லாம போயிருக்கும். இரை தேடி முங்கிக்கிட்டே இருக்கிற நேரம் வாலைத் தண்ணியோட தாழ்த்தி வச்சிருக்கும், வெள்ளையும் மறைஞ்சுரும். ஓய்ஞ்சு மிதக்கிறவரைக்கும் பொறுக்கணும். பொறுமை உனக்கு ஏது!

கண் ஆணுக்கு வெள்ளை, பெட்டைக்குப் பழுப்பு. இளசு ஆணுக்கு வெளுக்க நாளாகும், அதனால கண் வெளுக்கலைன்னா உடனே தள்ளிவிடவும் கூடாது. கலப்புதான் பெரிய வில்லங்கம். இதுவும் பொச்சார்டுங்கிற இன்னொரு முங்குற வாத்தும் இணைஞ்சு பிறந்ததா இருந்தா கண்ணுல ஆரஞ்சோ சிவப்போ ஏறும், விலாவில சாம்பல் பூச்சு வரும், அலகுல வெளிர் பட்டை தெரியும். மூணையும் தேடினேன், ஒண்ணும் இல்ல. மீன்காரர் வள்ளம் கிட்ட வந்தப்ப தானா எழும்பிச்சு. இறக்கையில வெள்ளைப்பட்டை உள்ளேயிருந்து நுனிவரைக்கும் மங்காம ஓடுது, வயித்தில வெள்ளைத் திட்டு. இதுக்கு மேல என்ன வேணும்?

போன்ல எடுத்த படம் சுமார்தான். ஸ்கோப்பை, அதான் தொலைநோக்கியை, 25, 30 மடங்குக்கு மேல ஏத்தாதே. ஒன்பது மணி தாண்டினா தண்ணிமேல கானல் ஆடும், 60 மடங்குல ஒண்ணும் விளங்காது. ஒத்தைப் படத்துக்கு வீடியோ மேல், அப்புறம் பிரிச்சு எடுத்துக்கலாம். பறக்கும்போது ஸ்லோமோஷன் வச்சாத்தான் இறக்கைப்பட்டை பதியும். அதுக்காகக் கல்லெறிஞ்சு கிளப்புற வேலை கூடாது. விடியலும் அந்தியும்தான் அது சுறுசுறுப்பா மேயற நேரம், நடுப்பகல்ல இலைக்குள்ள ஒதுங்கிரும்.

இப்ப என் வயித்தெரிச்சல். குளத்தைச் சுத்தமாக்கணும்னு ஒரு பேச்சு கிளம்பியிருக்கு. விவசாயிக்குத் தண்ணி வேணும், தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா சுத்தம்னா இவங்களுக்குக் கரையிலிருந்து கரைவரைக்கும் இலையே இல்லாத தண்ணி. பொச்சார்டுக்கும் குடுமி வாத்துக்கும் அது சரி, திறந்த ஆழத்தில முங்குற இனம். வெள்ளைக்கண்ணனுக்கோ ஆழம் குறைஞ்ச ஓரமும், நீர்ச்செடியும், அடியில பாசியும் வேணும். ஆகாயத்தாமரையை எடுக்கட்டும், அது மேல மூடி வெளிச்சத்தை மறைச்சு அடிப்பாசியைக் கொன்னுரும். ஆனா ஜேசிபிக்கு ஆகாயத்தாமரை எது, ஆம்பல் எதுன்னு தெரியுமா? ஆகாயத்தாமரையை ஆள் வச்சு வாரணும். மண்ணெடுக்கிறதைக் கும்பப்பூ நெல் அறுப்பு முடிஞ்சு, வாத்தெல்லாம் போன பிறகு, ஜூன் மழைக்கு முன்ன வச்சுக்கலாம். ஒரு கரையோரத்தை அப்படியே விடணும். இதுதான் மனுவில எழுதப்போறது. 2022-ல சுசீந்திரம் தேரூரும் வேம்பனூரும் உலக அளவில முக்கியமான நீர்நிலைகளோட ராம்சார் பட்டியல்ல ஏறினப்ப நம்ம கூட்டமே பாயசம் குடிச்சோம். பலகை நட்டா வாத்து வாசிக்குமா?

மனுவோட வாசகத்தை நீ திருத்திக் கொடுக்கணும். சட்டப் பாஷை எனக்கு வராது, ஆத்திரம்தான் வருது.

எந்தக் குளம்னு எழுதலை பார்த்தியா? உன்கிட்ட சொன்னா பேங்க்காரர்கிட்ட போகும், அவர்கிட்ட போனா ஊருக்கே போகும். அப்புறம் கேமராக்காரங்க தாமரைக்குள்ள இறங்கி நிப்பாங்க. வந்தா கூட்டிட்டுப் போறேன். மார்ச் கடைசியில நீலச்சிறகிகள் கிளம்ப ஆரம்பிச்சிரும், அதுகூட இவனும் போயிருவான். வரும்போது உன் ட்ரைபாடை எடுத்துட்டு வா, என்னோடது ஒரு கால் நிக்க மாட்டேங்குது.

உன்
பழைய பெஞ்சுக்காரன்