அக்காவுக்கு ஒரு கடிதம்: நாலு வாத்தியத்தையும் ஒரே ரூம்ல போட்டு அடைக்காத

அன்புள்ள அக்கா,

நீ அனுப்புன வீட்டு பிளானை நல்லா பெருசு பண்ணிப் பாத்தேன். மாடியில பத்துக்குப் பத்து ஒரு ரூம் போட்டு மியூசிக் ரூம்னு எழுதியிருக்கு, அதுக்குள்ளயே உன் வீணை, அத்தானோட தவில், பெரியவனோட நாதஸ்வரம், பாப்பாவோட வயலின் எல்லாம் வச்சுக்கலாம், நாலு பேரும் சேந்து சாதகம் பண்ணலாம், சுவத்துல கருப்பு ஃபோம் ஒட்டிட்டா சத்தம் வெளிய போகாதுன்னு இன்டீரியர்காரர் சொல்லிட்டார்னு சொன்ன. மேஸ்திரி இன்னும் மாடிச் சுவர் எழுப்பலங்கறதாலதான் அவசரமா எழுதுறேன். நாலுக்கும் ஒரே ரூம் வேண்டாம்க்கா. நம்ம மாதிரி மேளக்காரக் குடும்பங்கள்ல இப்ப நிறைய பேர் வீடு கட்டுறாங்க, எல்லாரும் இதையேதான் கேக்குறாங்க, அதான் எல்லாருக்கும் உதவட்டுமேன்னு பொதுவுலயே எழுதிடறேன்.

முதல்ல தவிலும் நாதஸ்வரமும். இது ரெண்டும் கோயில் பிரகாரத்துக்கும் நாலு வீதிக்கும்னு உருவான வாத்தியம். தேர் முன்னாடி நின்னு வாசிச்சா பின்னாடி வர்ற கூட்டத்துக்குக் கேக்கணும்னு வளந்த நாதம் அது. அதைக் கொண்டு வந்து கான்கிரீட் பெட்டிக்குள்ள வச்சா, வெளிய கலைஞ்சு போக வேண்டிய சத்தம் முழுக்க சுவத்துல மோதித் திரும்பி வாசிக்கிறவன் காதுக்கே வரும். காது விஷயத்துல நான் விட்டுக் கொடுக்க மாட்டேன். 85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம்னு தொழில் பாதுகாப்புக் கணக்கு சொல்லுது, அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், அப்படியே ஏறிப் போனா 100 டெசிபல்ல 15 நிமிஷம்தான். சின்ன ரூம்ல தவிலும் நாதஸ்வரமும் பக்கத்துல பக்கத்துல வாசிச்சா 100-ஐ சாதாரணமா தாண்டும். அந்த ரூம்ல பாப்பா உக்காந்து வயலின் சுருதி சேக்கணும்னு நீ நினைக்கிற! மேளத்துல காலம் பூரா வாசிச்ச பெரியவங்க எத்தனை பேர் வயசான காலத்துல காது கேக்காம இருந்தாங்கன்னு உனக்கே தெரியும். போன காது திரும்பி வராதுக்கா, புள்ளைங்களுக்கு இப்பவே இதை யோசிக்கணும்.

அதனால நான் சொல்றது ரெண்டு இடம். பெரிய மேளத்துக்கு, அதாவது தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும், கொல்லையில ஒரு ஓட்டுக் கொட்டகை, வீணைக்கும் வயலினுக்கும் பாட்டுக்கும் மாடியில மூடின ரூம்.

கொட்டகையைக் கொல்லைக் கடைசியில போடு. வாய்க்காலைத் தாண்டினா வயல்தான, அந்தப் பக்கம் வீடே கிடையாது. வீடுங்க இருக்குற பக்கம் மட்டும் ஒம்பது இஞ்ச் செங்கல் சுவரா முழுசா எழுப்பிடு, வயல் பக்கம் திறந்தே கிடக்கட்டும். நாதஸ்வரத்துல கூர்மையான சத்தம் பெரும்பாலும் அனசு, அதான் கீழ விரிஞ்ச வாய், பாத்த பக்கம்தான் போகும், அதனால பெரியவன் சுவத்துக்கு முதுகு காட்டி வயலைப் பாத்து உக்காந்து வாசிக்கட்டும். தலைக்கு மேல நாட்டு ஓடு போடு, தகர ஷீட் வேண்டவே வேண்டாம், மழை பேஞ்சா சாதகமே நடக்காது, வெயில்ல தவில் தோலு காய்ஞ்சு இறுகிக்கும். தரை சாணி மெழுகினாலும் சரி, சிமெண்ட் போட்டு மேல கோரைப்பாய் விரிச்சாலும் சரி. நம்ம பழைய வீட்டுக் கூடத்துல வாசிச்சா ஏன் அவ்வளவு நல்லா இருந்துச்சுன்னு யோசிச்சிருக்கியா? முற்றம் திறந்து இருந்துச்சு, மேல சரிஞ்ச ஓடு, நடுவுல மரத்தூண், சத்தம் ஒரே இடத்துல மோதித் திரும்பாம பல பக்கம் சிதறும், மிச்சம் மேல வானத்துக்குப் போயிடும். யாரும் அக்கூஸ்டிக்ஸ் படிச்சுக் கட்டல, ஆனா வாத்தியத்துக்கு அது பொருந்துச்சு.

விடியக்காலை சாதகத்தைப் பத்தியும் சொல்லணும். ராத்திரி 10 மணியில இருந்து காலையில 6 மணி வரைக்கும் குடியிருப்புப் பகுதியில 45 டெசிபல், பகல்ல 55, இதுதான் 2000-ஆம் வருஷ ஒலி மாசு விதி. சட்டத்தை விடு, பக்கத்து வீட்டுல கைக்குழந்தை இருக்கு. 6 மணிக்கு முன்னாடி அத்தான் பலகையில தட்டி தா-தி-தொம்-னு சொல்லுக்கட்டு சாதகம் பண்ணட்டும், பெரியவன் கீர்த்தனையை வாயால பாடட்டும். வாயில வராத சங்கதி குழல்ல வராதுன்னு அவன் குருவே சொல்வாரு.

இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். பழைய வீட்டை இடிக்கிறப்ப உத்திரம், தூணெல்லாம் மொத்தமா மரக்கடைக்குப் போட்டுடாத. அதுல ஆச்சா மரம் இருந்தா தனியா எடுத்து வை. நரசிங்கம்பேட்டையில நாதஸ்வரம் கடையறவங்க பழைய வீட்டுல இருந்து கழட்டின, வருஷக்கணக்கா காஞ்ச ஆச்சாவைத்தான் தேடுவாங்க, புது மரம் வெடிச்சுடும். அந்த ஊரு நாதஸ்வரத்துக்கு 2022-ல புவிசார் குறியீடும் கிடைச்சுது. நம்ம தாத்தா வீட்டு உத்திரத்துல ஒரு பாரி நாதஸ்வரம், அதான் நீளமான வகை, செஞ்சு பெரியவன் வாசிச்சான்னா எப்படி இருக்கும்க்கா, எனக்கு இப்பவே மனசு நெறஞ்சு போகுது.

சரி மாடி ரூமுக்கு வரேன். இங்கதான் எல்லாரும் குழம்புறாங்க. சத்தம் வெளிய போகாம தடுக்குறது ஒரு வேலை, உள்ள நாதம் நல்லா கேக்க வைக்குறது வேற வேலை. ஃபோம் ஒட்டினா முதல் வேலை நடக்கவே நடக்காது, முட்டை அட்டையும் அப்படித்தான். சத்தத்தைத் தடுக்கணும்னா எடை வேணும், இடுக்கு இருக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் பூசின ஒம்பது இஞ்ச் செங்கல் சுவர் நல்லாவே தடுக்கும், ஆனா கதவுக்கு அடியில அரை இஞ்ச் சந்து விட்டா அந்தச் சுவத்துக்குச் செலவழிச்ச காசு அவ்வளவும் வீண். உள்ள கூடா இருக்குற ஃப்ளஷ் டோர் வேண்டாம், கெட்டியான மரக்கதவு போடு, சட்டத்துல சுத்தி ரப்பர் பீடிங், கீழ வாசப்படி வச்சு அதுலயும் ரப்பர். ஜன்னல் ஒண்ணு போதும், ரெண்டு கண்ணாடி, ஒண்ணு 6 மில்லிமீட்டர் இன்னொண்ணு 10, நடுவுல நாலு இஞ்ச் இடைவெளி. ஏசி பைப் போற ஓட்டையைச் சுத்தி கண்டிப்பா அடைக்கச் சொல்லு, ஏசிக்காரங்க அதை அப்படியே விட்டுட்டுப் போயிடுவாங்க. இப்படி மூடின ரூமுக்குக் காத்தும் வேணும், வளைஞ்சு போற ஒரு டக்ட்ல உள்பக்கம் பஞ்சு வச்சு சின்ன ஃபேன் போட்டா காத்து வரும், சத்தம் போகாது.

அளவு. பத்துக்குப் பத்து, உயரமும் பத்துன்னா அது வீணைக்கு ஆகவே ஆகாது. பத்தடி இடைவெளியில சுமார் 56 ஹெர்ட்ஸ், அதோட இரட்டிப்பு 112-ன்னு சில சத்தம் மட்டும் சுவத்துக்கு நடுவுல நின்னு முழங்கும், மூணு பக்கமும் ஒரே அளவா இருந்தா மூணும் ஒரே இடத்துல குவியும். நீ 3 கட்டை சுருதியில சேக்குற, உன் அனுமந்திரம், அதான் வீணையோட ரொம்பக் கீழான தந்தி, 62 ஹெர்ட்ஸ் கிட்ட, பஞ்சமத் தந்தி 123 கிட்ட. அந்த ரூம்ல மீட்டினா ஒரு ஸ்வரம் தொம்முனு வீங்கும், பக்கத்து ஸ்வரம் ஒல்லியா கேக்கும், நீ தந்தியையும், ஸ்வரத்துக்குன்னு பதிச்ச மெட்டையும் குறை சொல்லிட்டு இருப்ப. உயரம் 10-ன்னா அகலம் 14, நீளம் 19 வச்சா சத்தம் நல்லா பரவி நிக்கும். அவ்வளவு இடம் இல்லேன்னா முடிஞ்ச வரைக்கும் மூணு அளவும் வேற வேறயா இருக்குற மாதிரி பாத்துக்க, பக்கத்துல இருக்குற ஸ்டோர் ரூம் சுவத்தை எடுத்துட்டாலே நீளம் கிடைச்சுடும்.

உள்ள ரொம்ப மூடாத. ஒரு இஞ்ச் ஃபோம் கீச்சு சத்தத்தை மட்டும்தான் குடிக்கும், கீழ் ஸ்தாயியைத் தொடக்கூடத் தொடாது, பாப்பா வயலின் செத்துப் போன மாதிரி கேக்கும், நாதம் வரலைன்னு அவ வில்லை இன்னும் அழுத்துவா, கை கெட்டுப் போகும். ஃபோம் தீப்பிடிச்சாலும் ஆபத்து. அதுக்குப் பதிலா நாலு இஞ்ச் ராக் வுல் (கல்லை உருக்கிச் செய்யற பஞ்சு) பலகைக்கு மரச்சட்டம் அடிச்சு பருத்தித் துணி சுத்தி நாலு மூலையிலயும் நிறுத்து, தலைக்கு மேல ஒண்ணு தொங்க விடு, ஒரு சுவத்துல புத்தக அலமாரி. எதிர்ச் சுவர் வெறுமனே இருக்கட்டும், வீணைக்குக் கொஞ்சம் திரும்பி வர்ற நாதம் வேணும். டைல்ஸ் போட்டா மேல பவானி ஜமக்காளம் விரி. எல்லாம் முடிஞ்சப்புறம் நடுவுல நின்னு ஒரு கைத்தட்டு தட்டிப் பாரு, டர்ருனு உதறினா இன்னும் ஒரு பலகை வேணும்னு அர்த்தம்.

கரண்ட் வேலையை எலக்ட்ரீஷியன் கிட்ட விட்டுடாத, கூடவே நில்லு. நாம தரையில உக்காந்து வாசிக்கிறவங்க, பிளக் பாயிண்ட் எல்லாம் தரையில இருந்து ஒரு அடி உயரத்துல வேணும், அவர் பழக்கத்துல நாலடியில வச்சுட்டா எலக்ட்ரானிக் தம்பூரா வயர் காலம் பூரா தொங்கும். பழைய சோக் டியூப்லைட் வேண்டாம், அது 100 ஹெர்ட்ஸ்ல முணுமுணுக்கும், சுருதியோட சேராது. இன்வெர்ட்டர் வாங்கினா சைன் வேவ்தான், ஸ்கொயர் வேவ்ல ஃபேனும் ஸ்பீக்கரும் உறுமும், நம்ம பக்கம் கரண்ட் போற அழகுக்கு அது பெரிய தொல்லை. இந்த ரூமுக்குத் தனி லைன், சரியான எர்த்.

வாத்தியம் எல்லாம் ராத்திரி மாடி ரூமுக்கே வந்துடணும், கொட்டகையில எதையும் வைக்காத, எலி ஒரே ராத்திரியில தோலைக் கடிச்சுடும். ஐப்பசி கார்த்திகையில தவில் தோலு தொய்யும், சித்திரையில ஏறும், இதுக்கு நடுவுல ஏசியை சில்லுனு வச்சு திடீர்னு அணைச்சா பலா மரம் வெடிக்கும். ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு சுவத்துல மாட்டு, 45-லிருந்து 60-க்குள்ள நின்னா போதும். மேற்கு ஜன்னல் பக்கம் வீணையை வைக்கவே வைக்காத, 24 மெட்டும் மெழுகுலதான் நிக்குது, சாயங்கால வெயில் பட்டா இளகி நகந்துடும், அப்புறம் தஞ்சாவூருக்குத் தூக்கிட்டுப் போய்த் திரும்ப மேளம் கட்டணும், அதாவது மெட்டையெல்லாம் புதுசா மெழுகுல பதிக்கணும். வயலின் பெட்டியை மாசக்கணக்குல மூடியே வைக்கக் கூடாதுன்னு பாப்பாகிட்ட சொல்லு, இருட்டுல பூச்சி வந்து வில்லு முடியை அரிச்சுடும். வாசிச்சு முடிச்சதும் வில்லைத் தளத்தணும்.

நாலு பேரும் சேந்து வாசிக்க ஆசைன்னு சொன்னியே, அதுக்கு ரூமே வேண்டாம்க்கா. கீழ ஹால்ல முன் கதவு, பின் கதவு ரெண்டையும் திறந்து வச்சு வெள்ளிக்கிழமை சாயங்காலம் உக்காருங்க. அத்தான் மட்டும் அன்னைக்கு விரல்ல மாட்டுற கூடு போடாம வெறும் விரல்ல வாசிக்கட்டும், அப்பதான் வீணை காதுல விழும்.

கதவு ஆர்டர் கொடுக்குறதுக்கு முன்னாடி பிளான்ல மாடி ரூமுக்கு எவ்வளவு உள் அளவு கிடைக்கும்னு பாத்து எனக்கு அனுப்பு. ஞாயித்துக்கிழமை நானே வரேன், மேஸ்திரியையும் எலக்ட்ரீஷியனையும் அன்னைக்கு வரச் சொல்லு, உத்திரத்தை எடுக்க வர்ற மரக்கடைக்காரரை மட்டும் திங்கக்கிழமை வாங்கன்னு சொல்லிடு.

அன்புடன்,
உன் தம்பி