அறிவிப்போடு காரணமும் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் விழிப்புணர்வு குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை கண்காட்சிகளையும் பள்ளி அறிவியல் மன்றங்களையும் பற்றி விரிவாகப் பேசியது. அவை தேவைதான். ஆனால் படிப்பை முடித்துவிட்ட பெரியவர்களில் பலர் அறிவியலை நேரில் சந்திப்பது குடிநீர், தடுப்பூசி, வானிலை எச்சரிக்கை போன்ற அரசுச் சேவைகளின் வழியாகத்தான். அங்கே அவர்களுக்கு என்ன சொல்லப்படுகிறது என்பதைக் கட்டுரை தொடாமல் விட்டது பெரிய குறையாகப் படுகிறது.

அரசுக் குடிநீர் ஆய்வகம் ஒன்றில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் நான். தண்ணீரில் குளோரின் வாடை அடிக்கிறது என்று புகார் வரும்போதெல்லாம், "அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று ஒரே வரியில் பதில் அனுப்பினோம். அந்த வரியில் பொய் இல்லை. ஆனால் அதைப் படித்து யாருடைய ஐயமும் தீர்ந்ததாக எனக்கு நினைவில்லை. வழியில் கிருமி கலந்தால் அதை அழிப்பதற்காக வீட்டுக் குழாய் வரையிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பதையும், உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள உச்ச அளவு 5 மில்லிகிராம் என்பதையும், அதைவிட மிகக் குறைந்த அளவிலேயே நம் மூக்கு அந்த வாடையைக் கண்டுகொள்ளும் என்பதையும் சேர்த்து எழுத நான்கு வரிகள் போதுமானவை. அவற்றை எழுதாததால், வாடையே இல்லாத, ஆனால் யாரும் சோதித்திராத தண்ணீரை நம்பிப் போனவர்கள் உண்டு. அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு.

சொல்லும் விதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1995 அக்டோபரில் பிரிட்டனில் நடந்ததைக் குறிப்பிட வேண்டும். புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இருமடங்காகிறது என்று அந்நாட்டின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. ஏறக்குறைய 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்த பாதிப்பு இருவருக்கு என உயர்வதையே அது குறித்தது. மக்களின் காதில் விழுந்ததோ "இருமடங்கு" என்ற சொல் மட்டுமே. அஞ்சிய பெண்கள் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாக நடந்த கருக்கலைப்புகள் சுமார் 13,000 என்று மதிப்பிடப்பட்டது. கருவுற்ற காலத்தில் இரத்தம் உறையும் அபாயம் அந்த மாத்திரைகளால் வருவதைவிட அதிகம் என்பது வேதனையைக் கூட்டுகிறது.

"நூறாண்டு வெள்ளம்" என்ற சொல்லும் இப்படித்தான். ஒருமுறை வந்துவிட்டால் இனி நூறு ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்றே எவரும் பொருள் கொள்வர். அது ஆண்டுதோறும் 1 விழுக்காடு வாய்ப்புள்ள வெள்ளம். 30 ஆண்டுகள் ஒரே வீட்டில் குடியிருப்பவர் ஒருமுறையேனும் அதைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு.

எச்சரிக்கையோ அறிவுரையோ வெளியிடும் துறைகள், விகிதத்தோடு உண்மையான எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். இன்னும் உறுதியாகாததை உறுதியாகவில்லை என்றே எழுத வேண்டும். வரைவைத் துறைக்கு வெளியே உள்ள சிலரிடம் படிக்கக் கொடுத்து, அவர்கள் புரிந்துகொண்டதைக் கேட்ட பிறகே வெளியிடலாம். மக்களின் கேள்விகளை முதலில் எதிர்கொள்ளும் முகப்பு ஊழியருக்கும் களப்பணியாளருக்கும் அந்தக் காரணங்களை முன்கூட்டியே விளக்கிவிட வேண்டும். எங்கள் ஆய்வக முடிவுகள் அவர்களிடம் வெறும் எண்களாகவே போய்ச் சேர்ந்தன. கட்டுரையாளர் இதைத் தொடர்ந்து எழுதினால், அந்த ஊழியர்களிடமும் பேசி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடிநீர் ஆய்வக வேதியியலாளர்