மூடிய கடைகளுக்குக் கணக்கு எங்கே?

டாஸ்மாக் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். கடைகளை மூடுங்கள் என்று கேட்டு இதை எழுதவில்லை. அதைக் கேட்க நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏற்கெனவே மூடியவற்றுக்குத்தான் கணக்குக் கேட்கிறேன்.

சில்லறை விற்பனையை 2003 நவம்பரில் அரசு கையில் எடுத்தது. 2016-இல் கடைகள் 6,800-ஐ ஒட்டி இருந்தன. அந்த ஜூனில் 500 கடைகளை மூடினீர்கள், 2017 பிப்ரவரியில் இன்னும் 500. 2023 ஜூன் 22-இல் மறுபடியும் 500 போக, 5,329 என்பது 4,829 ஆனது. எப்போதும் 500-தான். கடைகளைப் பார்த்து முடிவெடுத்தார்களா, எண்ணை முதலில் முடிவு செய்துவிட்டுக் கடைகளைத் தேடினார்களா என்று சந்தேகம் வரத்தானே செய்யும்?

நடுவில் 2017 ஏப்ரல் வந்தது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது, சிறிய ஊர்களில் 220 மீட்டர் என்ற உச்ச நீதிமன்ற உத்தரவால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் ஒரேயடியாக மூடப்பட்டன. அப்புறம் நடந்ததுதான் முக்கியம். ரோட்டோரத்தில் இருந்த கடைகளுக்கு ஊருக்குள்ளும் வயல்வெளியிலும் இடம் தேடினார்கள். ஊர் ஊராகப் பெண்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய பெண்ணைப் போலீஸ் அதிகாரி அறைந்ததை மாநிலமே டி.வி.யில் பார்த்தது. நகர எல்லைக்குள் அந்தத் தடை பொருந்தாது என்று அதே ஆண்டு நீதிமன்றம் விளக்கியதும், இறக்கிய ஷட்டர்கள் பல மறுபடி ஏறின. இதில் எது மூடல், எது இடமாற்றம், எது புதுத் திறப்பு?

மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் மொத்தக் கடைகள் எத்தனை, வருவாய் எவ்வளவு என்று இருக்கும். 2016-17-இல் சுமார் 27,000 கோடியாக இருந்த வருவாய், 2023-24-இல் 45,000 கோடியைத் தாண்டியது. இடையில் பலமுறை விலை ஏறியிருக்கிறது. அதனால் இதை வைத்துக் குடி கூடிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், கடை குறைந்ததால் குடி குறைந்தது என்று மேடையில் சொல்கிறவர்களுக்கும் இதில் ஆதாரம் இல்லை. ஒரு கடையை மூடினால், அங்கே வாங்கியவர் நிறுத்திவிட்டாரா, அடுத்த கடைக்கு நடந்தாரா, பிளாக்கில் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறாரா? கடைவாரியாகப் பார்த்தால்தான் ஓரளவாவது தெரியும்.

கடைக்கு எண் இருக்கிறது. ஒவ்வோர் எண்ணுக்கும் எப்போது, எங்கே திறந்தது, எங்கே மாறியது, எதற்காக மூடியது என்று போடுங்கள். பக்கத்துக் கடைகளில் அதற்கு முந்தைய ஆறு மாதமும் பிந்தைய ஆறு மாதமும் எத்தனை பெட்டி விற்றது என்பதையும் சேருங்கள். ரூபாயில் வேண்டாம், பெட்டியில் சொல்லுங்கள். ரூபாயில் விலையேற்றம் மறைந்துகொள்ளும்.

தீபாவளி விற்பனை எத்தனை கோடி என்று மறுநாளே பத்திரிகைகளில் ஒரு தொகை வந்துவிடுகிறது. அந்த வேகத்தில் பாதி போதும். அடுத்த கொள்கை விளக்கக் குறிப்புக்குப் பின்னிணைப்பாக மாவட்டவாரிப் பட்டியலைச் சேர்த்தால், கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு வருகிறவர்கள் கையில் அது இருக்கும்.

நன்றி.